எங்கள் வீட்டுக்குத் தமிழ் கேட்க வந்த பிள்ளை

மாடி அறையை யாருக்கும் விடுவதில்லை என்று நான் கறாராக இருந்த நேரத்தில்தான் அவர் வந்தார். என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், இப்போது தமிழ்ப் பேராசிரியர். வெயிலில் ஆனையூர் வரைக்கும் பைக்கில் வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, அறையைப் பற்றி வாயே திறக்காமல் வேறு எங்கிருந்தோ பேச ஆரம்பித்தார்.

ஐரோப்பாவில் ஒரு குளிர் நாடு. அந்த நாட்டு அரசாங்கம் வருஷா வருஷம் தன் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, வேறு வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, அங்குள்ள மொழியையும் பண்பாட்டையும் படித்துவிட்டு வரச் சொல்கிறதாம். படிப்புச் செலவு, விமானச் செலவு எல்லாம் அரசாங்கத்துடையது. இந்தத் தடவை முதன்முதலாகத் தமிழுக்கென்று ஒரு பெண் வருகிறாள். ஒரே ஒரு நிபந்தனை, விடுதியில் தங்கக் கூடாது. அந்த மொழியைப் பேசுகிற குடும்பத்தோடு தங்க வேண்டும். வருஷக் கடைசியில் வாய்மொழித் தேர்வு வைப்பார்கள். பேச்சைப் புரிந்துகொண்டு திருப்பிப் பேசத் தெரிந்திருந்தால் இரண்டாம் வருஷத்துக்கும் உதவி கிடைக்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவளுடைய ஆராய்ச்சியே அந்த இரண்டாம் வருஷத்தில்தான்.

"என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளக்கூட நாம அண்ணே, அக்கா, மாப்ளன்னு மொறை வச்சுக் கூப்பிடுறோம்ல, அதப் பத்தி."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கு எதுக்கு மாப்ள ஆராய்ச்சி? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் நின்னாப் போதாதா?"

"அப்படி நிக்கத்தான்டா அது வருது. நிக்கிறதுக்கு முன்னாடி காது பழகணும்ல? உங்க வீட்டுல வச்சுக்கங்க. நீங்க எதுவும் சொல்லிக்குடுக்க வேணாம். சும்மா பேசிக்கிட்டு இருந்தாப் போதும்."

சும்மா பேசிக்கொண்டிருந்தால் போதும். இதைவிட லேசான ஒரு வேலையை அரசாங்கம் யாருக்கும் கொடுத்ததில்லை. நானும் அரசாங்க ஊழியர்தான், தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் கட்டிடத்தின் உச்சியில் 'தமிழ் வாழ்க' என்று விளக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். தினமும் அதன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறவள், ஒரு பெண்பிள்ளையோடு தமிழ் பேச முடியாதா? அறையைக் கழுவி, புது மெத்தை போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்தேன்.

அவள் வந்த அன்றைக்கே என்னை "அம்மா" என்றாள். அவரை "அப்பா" என்றாள். பேராசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேற்று நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, கண்ணைப் பார்த்து, அந்தச் சொல்லை அவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்தபோது எனக்கு உள்ளே ஏதோ இளகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சப்பாத்தி போடுவதாக இருந்தவள், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்தேன்.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் எழுந்துவிட்டேன். தங்களுக்கு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?" என்றாள். நானும் என் மகளும் சிரித்துவிட்டோம். கேலியாகச் சிரிக்கவில்லை, ஆசையாகத்தான் சிரித்தோம். ஆனால் சிரிப்பில் அந்த வித்தியாசமெல்லாம் வெளியே தெரியாது. அவள் முகம் சிவந்து போனது. உடனே என் மகள் அவளைத் தேற்றுவதற்காக ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னாள். அவளும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவள் நாட்டிலும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான், ஆனால் தண்ணீர்பட்ட பாடு.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறியியல் முடித்துவிட்டு, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தாள். அதற்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். வாசிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். பேச்சுத் தேர்வில் மட்டும் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. ஒரு தடவை போய்த் தோற்று, இன்னொரு தடவையும் போய்த் தோற்றிருந்தாள். கோச்சிங் சென்டரில் சேர்த்துப் பார்த்தோம். அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கே என் மகளைவிடக் கூடுதலாக வேர்த்தது. "யார் கூடயாச்சும் பேசிப் பழகணும்மா" என்று கண்ணைக் கசக்கினாள். யாரோடு பேசுவது? என்னோடு பேசினால் நான் 'ஹேவ் யூ ஏட்' என்பேன், அவ்வளவுதான் என் கையிருப்பு.

அப்படியிருந்த வீட்டின் மாடியில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளை ஒன்று வந்து இறங்கினால் என்ன ஆகும்? நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் வாரம் இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வாரம் சாப்பிடும்போதே பேசினார்கள். அதற்கப்புறம் என் வீட்டுக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளெல்லாம் கண்டக்டர்களோடு கத்திப் பேசியவர், திடீரென்று "ஹவ் வாஸ் யுவர் காலேஜ் டுடே?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் சும்மா இருந்தேனா? "மோர் சாம்பார்? லிட்டில்?" என்று கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றேன். சாம்பார் வேண்டுமா என்று கேட்க எனக்குத் தமிழ் தெரியாதா என்ன?

"அம்மா, என்னிடம் தமிழில் பேசுங்கள்" என்று அவள் அடிக்கடி சொல்வாள். கெஞ்சலாகத்தான் சொல்வாள்.

"சரிம்மா. நாளையில இருந்து தமிழ்தான்" என்பேன்.

மறுநாள் காலையில் "குட் மார்னிங்" என்றுதான் வாயில் வரும். அவளுக்குப் புரியாமல் போய்விடுமோ, திரும்பத் திரும்பக் கேட்டுச் சங்கடப்படுவாளோ என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். விருந்தாளியைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் என் மகளின் நாக்கு நாளுக்கு நாள் நன்றாகச் சுழல்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கிடைத்த ஒரே இடம் பக்கத்து வீடு. அங்கே ஓர் அக்கா தோசை மாவு அரைத்து விற்கிறார். அவருக்கு ஆங்கிலமும் வராது, தயக்கமும் வராது. மாவு வாங்க இவளை அனுப்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் கேட்கும்.

"ஏ ஆத்தா, வா. என்ன, தலையக் காயப்போட்ட வைக்கோல் கணக்கா விரிச்சுப் போட்டுக்கிட்டு வார? எண்ண வச்சுப் பின்னுனா என்னவாம்? ஒங்காத்தா பாத்தா என்னையத்தான வைவா? எம்புட்டு மாவு வேணும்? அம்புட்டுத்தானா? நாலு பேரு திங்கிற வீட்டுக்கு இது எப்படிடி பத்தும்?"

ஒரு மாவுப் பாத்திரத்துக்கு இவள் கால் மணி நேரம் ஆக்கிக்கொண்டு வருவாள். முகமெல்லாம் பல்லாக இருக்கும். "அம்மா, இன்று அக்கா என்னை 'டி' என்று அழைத்தார்" என்பாள், ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அரசாங்கம் நம்பி அனுப்பிய பிள்ளையை வாடி போடி என்பதா, நாளைக்கு அங்கே போய் மதுரைக்காரர்கள் இப்படி என்று சொல்லிவிட்டால்? ஒருநாள் நானே போய், "அக்கா, அது வெளிநாட்டுப் பிள்ளை. கொஞ்சம் பாத்துப் பேசுங்க, மனசுல வச்சுக்கிரும்" என்றேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிம்மா, எனக்கென்ன" என்றார். அன்றிலிருந்து இவள் பாத்திரத்தோடு போனால் மாவை ஊற்றிக் கொடுத்து, "தேங்க்ஸ்மா" என்று அனுப்பிவிட்டார். ஒரு நிமிஷத்தில் வீடு திரும்பி வந்தவள், "அக்காவுக்கு உடல் நலமில்லையா அம்மா?" என்று என்னிடம் கேட்டாள். "வேலையா இருப்பாங்க" என்றேன்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பேராசிரியர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காபியைக் குடிக்காமல் டீப்பாயில் வைத்துவிட்டார்.

"வாசிக்கச் சொன்னா எங்களையே தூக்கிச் சாப்புட்டுருது. பேச்சுக் குடுத்தா முழிக்குது. ரோட்டுல ரெண்டு பேரு பேசுறது புரிய மாட்டேங்குதும்மா. வீட்டுல பேசுறீங்கள்ல?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கோம்" என்றேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவரே ஒரு வழியும் சொன்னார். என் கொழுந்தனார் குடும்பம் செக்கானூரணி தாண்டி ஒரு ஊரில் விவசாயம் பார்க்கிறது. அங்கே யாருக்கும் ஆங்கிலம் வராது, பேரப்பிள்ளைகள்கூட ஊர்ப் பள்ளிக்கூடம்தான். அங்கே இவளை ஒரு மாதம் விட்டால் காது திறந்துவிடும், தேர்வில் தேறிவிடுவாள் என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் உடனே தம்பிக்குப் போன் போட்டார். "கூட்டிக்கிட்டு வாங்கண்ணே, வீடு சும்மாதான கெடக்கு" என்று பதில் வந்தது.

அந்த ஒரு மாதத்தில்தான் என் மகளின் பேச்சுத் தேர்வும் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி என் மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள். அவள் கேட்டிருந்தால்கூட நான் அதட்டியிருப்பேன். கேட்காமல் நின்றதுதான் என்னை என்னவோ செய்தது. மூன்றாவது தடவையும் தோற்றால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று நினைத்தேன். மாடியில் இருக்கும் பிள்ளை தோற்றால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

காலையில் மாடிக்குப் போனேன். அவள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "அங்க பாத்ரூம் வசதி கிடையாதும்மா" என்றேன். "வயக்காட்டுப் பக்கம்தான் போகணும். உனக்குச் சரிப்படாது." இதை மட்டும் சுத்தமான தமிழில், நிதானமாக, அவளுக்கு ஒரு எழுத்துகூட விடாமல் புரிகிற மாதிரி சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் சமாளிப்பேன் அம்மா" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. பாம்பு பூச்சி இருக்கும். உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா என்றதும் அவள் பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்துவிட்டாள். கீழே வந்து கொழுந்தனாருக்குப் போன் பண்ணி, "அது கூச்சப்படுதுப்பா, கிராமம்னா யோசிக்குது" என்றேன். பேராசிரியரிடமும் அப்படியே சொல்லச் சொல்லி வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

என் மகள் தேறினாள். அதுவும் எப்படி, கேட்டதற்கு மேலேயே மதிப்பெண். முடிவு வந்த அன்றைக்கு அவளைவிட அதிகமாகக் குதித்தது மாடியில் இருந்த பிள்ளைதான். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஹாலில் சுற்றினார்கள். நான் கேசரி கிண்டி, முதல் கரண்டியை அவள் தட்டில்தான் வைத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டு, "இனி எனக்கு உதவுவீர்களா?" என்று என் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள். தமிழில் கேட்டாள். "ஷ்யூர், ஷ்யூர்!" என்றாள் என் மகள்.

அவளுடைய தேர்வு எங்கள் வீட்டு மாடியில், லேப்டாப்பில் நடந்தது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மிக்ஸி போடவில்லை, குக்கர் வைக்கவில்லை. காய்கறி வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் மைக்கை நிறுத்தச் சொன்னேன். பரிகாரம் செய்கிறவளுக்கு இருக்கிற சுறுசுறுப்பு எனக்கு அன்றைக்கு இருந்தது. அவளுக்குத் தொண்டை காயுமே என்று சீரகத் தண்ணீரை டம்ளரில் எடுத்துக்கொண்டு படியேறினேன். பேச்சுச் சத்தம் கேட்டதும் மேல்படிக்குக் கீழே நின்றுவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது.

முதலில் ஒரு பாராவை வாசிக்கச் சொன்னார்கள். மணி மாதிரி வாசித்தாள். அப்புறம் பதிவு செய்த பேச்சு ஒன்றைப் போட்டார்கள். ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தியை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால் அவளுக்கு மனசு இல்லையாம். நான் படியில் நின்றபடியே சிரித்தேன், அவ்வளவு நம் ஊர்ப் பேச்சு. உள்ளே அவள், "மன்னிக்கவும், மறுமுறை கேட்கலாமா?" என்றாள். மறுபடி போட்டார்கள். ஆட்டோ, பள்ளிக்கூடம் என்று தனித்தனிச் சொற்களைச் சொன்னாள். அந்தப் பெண்கள் ஏன் வருத்தப்படுகிறார்கள் என்று கேட்டதற்கு அவளால் சொல்ல முடியவில்லை.

தேர்வு வைத்தவர்களில் ஒருவர் தமிழர். அக்கறையான குரல். "நீங்க தங்கியிருக்குற வீட்டுல என்ன பாஷை பேசுறாங்க? தமிழ் பேசுறாங்களா, இங்கிலீஷா? வீடு சரியில்லைன்னா வெளிப்படையாச் சொல்லுங்க. வேற வீடு மாத்தி, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு வாட்டி தேர்வு வைக்க வழி இருக்கு." இதையே அவர் ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னார். அவளுக்குப் புரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

"என் வீட்டில் எல்லோரும் தமிழில்தான் பேசுகிறார்கள்" என்றாள் அவள். "அம்மா எனக்காக மிகவும் பாடுபடுகிறார். நான்தான் சரியாகக் கற்கவில்லை."

நான் கதவுக்கு வெளியில்தான் நின்றேன். உள்ளே போய், ஐயா, இந்தப் பிள்ளை பொய் சொல்கிறது, எங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறது என்று சொல்லியிருக்கலாம். தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அது எனக்கு நன்றாகவே வரும். மானம் போய்விடும் என்று நினைத்தேன். தண்ணீரைப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

முடிவு வந்தபோது பேராசிரியர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தமிழ்க் குடும்பத்துல இருந்தும் பேச்சு வரலைன்னா, இந்த மொழி எங்க பிள்ளைகளுக்குக் கஷ்டம் போலன்னு எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் தமிழுக்கு ஆள் அனுப்பலையாம்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அலுவலகத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்காமல் உள்ளே போனேன். மேலே பலகை அது பாட்டுக்கு இருந்தது.

அவள் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கொழுந்தனாரின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. நான் அவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்று எவ்வளவோ பார்த்தேன். வெயில் என்றேன், அலைச்சல் என்றேன். "போற பிள்ளை ஒரு விசேஷம் பாத்துட்டுப் போகட்டுமே" என்று என் வீட்டுக்காரர் காரில் ஏற்றிவிட்டார். கேட்காமல் இருப்பதில் கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கே வந்து விடிந்தது.

கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, கறிச்சோற்றுப் பந்தி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அவள் கை கழுவிவிட்டு, பாத்ரூம் எங்கே என்று என் ஓரகத்தியிடம் கேட்டாள். நான் எழுவதற்குள் என் ஓரகத்தி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டாள். வீட்டுக்குள்ளேயே, நடுக்கூடத்தை ஒட்டி, நீல டைல்ஸ் பதித்த பாத்ரூம். கதவைக் காட்டிவிட்டு அங்கே நின்றபடியே என்னைப் பார்த்து, அந்த வீட்டுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா, இந்தப் பிள்ளைய ஒரு மாசம் எங்க கூட விட்டிருக்கலாம்ல? பெரியவரு போன் பண்ணுன அன்னைக்கே உங்க கொழுந்தன் ரூமுக்கு வெள்ளையடிச்சு, குளிக்கச் சுடுதண்ணி வேணுமேன்னு ஹீட்டரெல்லாம் வாங்கி மாட்டுனாரு. நீங்க என்னடான்னா, அது கூச்சப்படுது, வரமாட்டேங்குதுன்னு சொல்லிட்டீங்க. எங்க கூசுது? கறியத் திங்கிறதப் பாத்தா எங்க வீட்டுப் பிள்ளை கணக்காத்தான இருக்கு!"

வேகமான பேச்சு. பாதி எழுத்தை முழுங்குகிற பேச்சு. அந்தப் பிள்ளை கதவில் கையை வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வருஷம் முழுக்க அவள் காதில் தமிழ் விழாமல் பார்த்துக்கொண்ட நான், அந்த நிமிஷத்தில், இது மட்டும் இவளுக்குப் புரியக் கூடாது சாமி என்று குலதெய்வத்தை வேண்டினேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வேண்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் நீல டைல்ஸைப் பார்த்தாள். என் ஓரகத்தி பக்கம் திரும்பி, "நான் கூச்சப்படலக்கா. எனக்கு வர ஆசைதான்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும்போது பின் சீட்டில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் என் மகளும் அவரும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தென்னந்தோப்புகள் முடிந்து கடைகள் ஆரம்பிக்கும் வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அவள் கையைத் தொட்டு, மெதுவாக, "ஸாரிம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்கும்போதுகூட எனக்கு அந்தப் பாழாய்ப்போன ஆங்கிலம்தான் வந்தது.

"பரவாயில்ல" என்றாள் அவள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். என்னோடு பேசினாள், சாப்பிட்டாள், மாடியைத் துடைத்து வைத்தாள். ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று நான் திரும்புகிற வரைக்கும் காத்திருந்தாள். அதை ஊருக்குக் கிளம்புகிற கவலை என்று எடுத்துக்கொண்டேன், அல்லது அப்படி எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அவனியாபுரம் தாண்டும்போதே என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். வாசலில் இறங்கி, பெட்டிகளை வண்டியில் அடுக்கி, அவள் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டாள். வழியனுப்ப வந்திருந்த பேராசிரியரை "சார்" என்றாள். என் மகளைக் கட்டிப்பிடித்து, "தங்கச்சி, நல்லாப் படி" என்றாள். என் வீட்டுக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். மதுரையில் பிறந்த பிள்ளை சொல்கிற மாதிரியே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னிடம் கடைசியாக வந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாரேன் ஆன்ட்டி."

ஆன்ட்டி என்பது தப்பான சொல் இல்லை. என் மகளின் தோழிகள் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்கிற பெண்களும், கூரியர் கொண்டுவருகிற பையனும் அப்படித்தான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று படிப்பதற்காகவே கடல் தாண்டி வந்த பிள்ளை அவள், அந்தப் படிப்பில் தேறிவிட்டாள் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. "போயிட்டு வாம்மா" என்றேன். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய் வரிசையில் நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "பிள்ளை எம்புட்டு அழகாத் தமிழ் பேசுது, பாத்தியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.